அப்பா பெயரில் ஆடியது

ஜூலை 14, ஞாயிறு

ஒரு நோட்டுப் போடச் சொல்லி டாக்டர் உத்தரவு. எத்தனை மணிக்குக் கஞ்சி, எவ்வளவு உள்ளே இறங்கியது, எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தோம், எல்லாம் எழுத வேண்டுமாம். "நீங்க தமிழ் டீச்சர்தானே, அழகா எழுதுவீங்க" என்றார். கஞ்சியைப் பற்றி அழகாக எழுத என்ன இருக்கிறது?

காலை 7: கேழ்வரகுக் கஞ்சி அரை டம்ளர். 9: வலப்பக்கம் திருப்பியது. 11: மாத்திரை, பொடி செய்து தேனில். 1: குழைத்த சாதம், நாலு ஸ்பூன், இருமல்.

அப்பா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. புத்தி தெளிவாக இருக்கிறது, சொல்வதெல்லாம் புரியும் என்கிறார் டாக்டர். நாற்பது வருஷம் அச்சகத்தில் இங்கிலீஷ் புரூஃப் பார்த்து, அடுத்தவர்கள் பிழையெல்லாம் திருத்திய மனிதர். இப்போது "ஆ" என்று ஒரே ஒரு சத்தம்.

எட்வினுக்குச் சொல்லவில்லை. மே மாதம் லேசாகத் தலை சுற்றியபோதே அப்பா என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார்: "எனக்கு என்ன ஆனாலும் அவன்ட்ட சொல்லப்படாது, ஹெப்சி. வாரதா இருந்தா அவனா வரணும்." பிடிவாதத்தில் அப்பாவும் மகனும் ஒரே அச்சு.

ஜூலை 16, செவ்வாய்

மாலை ஸ்கூல் விட்டு வந்தால் அப்பாவின் போன் கத்திக்கொண்டிருக்கிறது. ஆட்டம்! அதை அடியோடு மறந்துவிட்டேன். இன்னும் பதினான்கு மணி நேரத்தில் ஆடாவிட்டால் தோற்றதாகக் கணக்காம். பத்து நாள்தான் அவகாசம்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதினால்தான் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியதாகும். திரையில் ஒரு கட்டம் போட்ட பலகை. ஏழு இங்கிலீஷ் எழுத்து வரும். அவற்றை வைத்து வார்த்தை அமைக்க வேண்டும். நீளமான வார்த்தைக்குப் புள்ளி அதிகம். ஏழு எழுத்தையும் ஒரே முறையில் இறக்கிவிட்டால் கூடுதலாக ஐம்பது. அப்பா இங்கிருந்து ஆடுவார், தம்பி எட்வின் ஆக்லாந்திலிருந்து ஆடுவான். நாளைக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை.

பேச்சு மட்டும் கிடையாது. ஆறு வருஷம் முன்பு அம்மா இறந்தபோது நல்ல ஐப்பசி மழை. கரண்ட் இல்லை, ஐஸ் பெட்டி நின்றுபோனது. சபைப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், அப்பாவும் சரி என்றுவிட்டார். எட்வின் காரிலிருந்து இறங்கியபோது கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "ஒரு பத்து மணி நேரம் எனக்காகக் காத்திருக்க முடியலியா?" என்று வாசலில் நின்றபடி அப்பாவைக் கேட்டான். அப்பா உள்ளே போய்விட்டார். அதோடு சரி. ஆனால் அதற்கு முன்பே தொடங்கியிருந்த ஆட்டத்தை இரண்டு பேரும் நிறுத்தவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது. அதில் சேதி எழுத ஒரு பெட்டி இருக்கிறது. ஆறு வருஷமாகக் காலி.

அப்பா எட்வினின் வார்த்தையைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொள்வார். "பய தூங்கல போலிருக்கு, நாலெழுத்துக்கு மேல வரல." இல்லாவிட்டால், "இன்னைக்கு ஐயா உற்சாகமா இருக்காரு." எனக்கு இந்த ஜோசியம் புரிவதில்லை.

போனை அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இடது கை ஆள்காட்டி விரலால் மூன்று எழுத்தைத் தொட்டார். இருபது நிமிஷம் ஆயிற்று. மூன்றெழுத்து வார்த்தை, ஐந்து புள்ளி. அனுப்பினேன்.

இரவு 8: பால் அரை டம்ளர்.

ஜூலை 25, வியாழன்

இன்றும் மூன்றெழுத்து. நேற்றும். எட்வின் நூற்றி நாற்பது புள்ளி முன்னால் இருக்கிறான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. எட்வின் எனக்குப் போன் செய்யும் நாள். ஐந்து நிமிஷம். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவன் கேட்கமாட்டான், நானாகச் சொல்லவும் மாட்டேன். இன்று கொஞ்சம் இழுத்தான்.

"வேற என்னக்கா?"

"வேற ஒண்ணுமில்ல."

"அப்பா போன் எதுவும் மாத்திட்டாங்களா? கண்ணு சரியாத் தெரியலையோ?"

"அதெல்லாம் இல்லியே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

சும்மா கேட்கிறவனா அவன்? எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா தோற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆட்டம் முடிந்தது. அப்பா படுதோல்வி. உடனே எட்வின் அடுத்ததைத் தொடங்கிவிட்டான். மனசு கேட்காமல் ஸ்டாஃப் ரூமில் பிளெஸ்ஸியிடம் சொன்னேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இங்கிலீஷ் டீச்சர், சின்னப் பெண். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மிஸ், இதுக்குன்னே சைட் இருக்கு. ஏழு எழுத்தையும் அடிங்க. அதுல என்னென்ன வார்த்தை வரும்னு பெருசுலேருந்து சின்னது வரைக்கும் வரிசையாக் கொட்டிரும்."

"அது ஏமாத்து இல்லியா?"

"எல்லாரும்தான் பார்க்காங்க. உங்க தம்பியும் பார்த்துத்தான் போடுவாங்க."

எட்வின் அப்படிச் செய்யமாட்டான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. நான் ஸ்கூலுக்குப் போகும் நாளில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சொர்ணம் இன்றும் வந்து உட்காருகிறேன் என்றாள், எனக்குத்தான் அலுப்பு. காலை 8: இட்லியைப் பாலில் கரைத்து, ஒன்றரை.

இன்றைக்கு வந்த எழுத்துகள் பி, ஏ, ஐ, என், டி, இ, ஆர். அப்பா டி-யைத் தொட்டார், இ-யைத் தொட்டார், என்-னைத் தொட்டார். டென். இதை எல்கேஜிப் பிள்ளை போடும்! பொறுக்க முடியாமல் சைட்டில் அடித்தேன். பெயிண்டர். ஏழும் வந்துவிட்டது. அதுவும் பலகையில் அம்சமாக உட்கார்ந்தது. எழுபத்தி இரண்டு புள்ளி.

"அப்பா, இங்க பாருங்க, பெயிண்டர் வருது! போட்டுரவா?"

"ஆ" என்றார். போட்டுவிட்டேன்.

போட்டபிறகு இடது கையால் போனைத் தட்டினார், கீழே விழப்பார்த்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எத்தனை நாள் கழித்து முன்னால் வந்திருக்கிறார்! சந்தோஷம் போல. துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம், மிட்டாய், மழைத் தூறல். பதினொரு மணிக்கே வீடு.

பெயிண்டருக்கு எட்வினிடமிருந்து பதில் வர இரண்டு நாள் ஆகியிருக்கிறது. அசந்து போயிருப்பான். இன்று ஜி, ஏ, ஆர், டி, இ, என், எஸ். அப்பா "ரெட்" என்று தொட்டார். நான் கார்டன்ஸ் போட்டேன். இந்த முறை கேட்கவில்லை, போட்டுவிட்டுக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியவரை ஒரு மணிக்கே அந்தப் பக்கம் படுக்க வைத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

சொர்ணம் ஒரு புகார் சொன்னாள். "டீச்சர், அந்தப் போன நீங்க கொண்டு காமிச்சிட்டுப் போன பொறவு அப்பா ஒரு வாய் வாங்க மாட்டக்காவ. பல்லக் கடிச்சுக்கிடுதாவ. எதுக்கு அவியளப் போட்டுப் படுத்துதீய?"

நியாயம்தான். படுக்கையில் கிடப்பவருக்கு இந்தச் சிரமம் எதற்கு? இனிமேல் அப்பாவிடம் காட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போனை நானே ஸ்கூலுக்கு எடுத்துப் போகிறேன். அப்பா மானம் போகாமல் ஆட்டம் நடக்கும், அவருக்கும் ஓய்வு.

மதியம் நாலு ஸ்பூன். இருமல் அதிகம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எட்வின் போன். குரலில் ஒரு தெளிச்சி. வேலையைப் பற்றி, குளிரைப் பற்றி, அவன் மகள் நீச்சல் பழகுவதைப் பற்றி எல்லாம் சொன்னான். பதினோரு நிமிஷம் பேசியிருக்கிறோம்.

"நடுவுல ஒரு பிரயாணம் வச்சிருந்தேங்கா. பொறவு வேண்டாம்னு விட்டுட்டேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டுக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்றைக்கு நானே கண்டுபிடித்தேன்!

மூன்றாவது பீரியட் ஓய்வு. எம், ஓ, ஆர், என், ஐ, என், ஜி. வழக்கம்போல சைட்டைத் திறக்கப் போனவள், சும்மா ஒரு நிமிஷம் பார்க்கலாமே என்று நிறுத்தினேன். அந்தக் காலத்தில் அப்பாவும் எட்வினும் அட்டைப் பலகையில் ஆடுவார்கள். நான் அடுப்படியில் அம்மாவோடு நிற்பேன். "வால ஒதுக்கு மொதல்ல" என்று அப்பா கத்துவது கேட்கும். ஐ-என்-ஜி ஒரு வால், இ-ஆர் ஒரு வால், இ-டி ஒரு வால். வாலைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தை உருட்டிப் பார்க்க வேண்டும். உயிரெழுத்தை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். என்னை அந்தப் பலகைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. நான் தமிழ்தானே.

ஐ-என்-ஜி-யை ஓரம் வைத்தேன். எம், ஓ, ஆர், என் மிச்சம். மார்னிங்! தினமும் இருநூறு பிள்ளைகள் என்னிடம் சொல்கிற வார்த்தை. போட்டுவிட்டேன். எண்பத்தி ஒன்று. எட்வின் உடனே பதிலுக்கு ஆடினான், நாலெழுத்து. ஆடட்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் முழுக்கத் தூக்கம்தான். மாலைக் கஞ்சி எவ்வளவு என்று சொர்ணத்திடம் கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

ஜெயித்துவிட்டோம். முப்பத்தி ஆறு புள்ளி வித்தியாசம்.

ஜெயித்துவிட்டார் என்று எழுத வேண்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

காய்ச்சல் 101. கஞ்சி இறங்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி. சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளாக நடந்திருக்குமாம். எப்போதிலிருந்து இருமல் அதிகம் என்று டாக்டர் கேட்டார். நோட்டைப் புரட்டினேன். ஜூலையில் எல்லாம் ஸ்பூன் கணக்கு வரை இருக்கிறது. செப்டம்பரில் கஞ்சிக் கணக்கே இல்லை, வார்த்தைகள்தான் இருக்கின்றன. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்கம்மா" என்றார் டாக்டர்.

மே மாதம் அப்பா கையைப் பிடித்துச் சொன்னது ஒரு பக்கம். சொன்னால் எட்வின் கேட்கப்போகும் கேள்விகள் மறுபக்கம். அப்பா தோளைத் தொட்டு, "எட்வின்ட்ட சொல்லிரவாப்பா?" என்று கேட்டேன். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் மூச்சு மட்டும் இரைந்தது. ஆம் என்றோ இல்லை என்றோ எப்படி எடுத்துக்கொள்வது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு, ஆறு வருஷமாகக் காலியாக இருந்த பெட்டியில் சேதி வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அப்பா, ஜூலையில் பத்து நாள் நீங்கள் ஆடவில்லை. அப்புறம் எல்லாம் மூன்றெழுத்தாக வந்தது. பயந்துவிட்டேன். யாரிடம் கேட்பது? நீங்கள் சொல்லமாட்டீர்கள், அக்காவையும் சொல்லவிடமாட்டீர்கள். ஆகஸ்ட் 20க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அப்போதுதான் பெயிண்டர் போட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். அடுத்தது கார்டன்ஸ். சரி, மனுஷன் நல்லாத்தான் இருக்கார், நம்மை வர வேண்டாம் என்கிறார் என்று கேன்சல் செய்துவிட்டேன். ஆனால் போன ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்ததிலிருந்து எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இந்த முறையாவது காத்திருங்கள்."

ஆகஸ்ட் 20. அன்றைக்கு அப்பா நன்றாக இருந்தார். இடது கையை அசைத்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார். அவன் வந்து நின்றிருந்தால் பார்த்திருப்பார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு மேல் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து "மாத்திரை வாங்கியாச்சா?" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் அப்பா காதருகே குனிந்து சேதியை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை. கண் திறக்கவில்லை.

பிறகு எட்வினைக் கூப்பிட்டேன்.

"அக்கா? இன்னைக்குச் செவ்வாக்கிழமல்லா?" என்றான். அதிலேயே அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அப்பாவுக்கு முடியல எட்வின். ஆஸ்பத்திரில இருக்காங்க."

"எப்போலேருந்து?"

மூன்று மாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மூணு நாளா" என்றேன்.

"அப்படியா... போன வாரம் நல்லா ஆடுனாங்களே."

"ஆமா."

"நான் கெளம்புதேன். வரேன்னு அப்பாட்ட சொல்லு."

சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

சாயங்காலம் 4.40: மூச்சு நின்றது. எட்வின் சிங்கப்பூரில் இறங்கி அடுத்த விமானத்துக்கு நிற்கிறான்.

செப்டம்பர் 27, வெள்ளி

சபைப் பெரியவர்கள் காலை பத்து மணிக்கு அடக்கம் என்றார்கள். முடியாது, என் தம்பி வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு சத்தமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. எட்வின் பதினொன்றரைக்கு வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அப்பாவின் இடது கையைத் தொட்டபடி இருந்தான். நாலு மணிக்கு அடக்கம்.

திரும்பி வந்து, துக்கம் கேட்க வந்தவர்களிடம் போனைத் திறந்து காட்டினான். "போன ஆட்டத்துலகூட என்னை ஜெயிச்சாங்க. இத பாருங்க, மார்னிங். எழுபத்தெட்டு வயசுல. கடைசி வரைக்கும் மூளை எவ்வளவு தெளிவு." வந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெபம் செய்துவிட்டுப் போனார். நான் காப்பி கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

சொர்ணம் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டாள். எட்வினுக்குப் பலகாரத் தட்டை நீட்டியபடி, அவள் பாட்டுக்குச் சொன்னாள்: "மூணு மாசமா அப்பா வாயிலேருந்து ஒரு பேச்சு கெடையாது தம்பி. மொதல்ல விரலால அந்தப் போனத் தொட்டுக் காமிப்பாவ. பொறவு அதுவும் இல்ல. டீச்சர்தான் எல்லாம் பாத்தாவ, பாவம்."

எட்வின் தட்டை வாங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். சொர்ணம் போகும் வரை இருந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"மார்னிங்?"

"நான்."

"கார்டன்ஸ்?"

"நான்."

"பெயிண்டர் யாரு போட்டா?"

"நான்தான். அன்னைக்கு அப்பா தொட்டது மூணெழுத்து. நான் மாத்திட்டேன்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். ஆறு வருஷம் இந்த வீட்டில் தனியாகக் கிடந்தவள் நான், கஞ்சி ஊட்டியவள் நான், நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. ஜூலைக்கு நகர்த்திக்கொண்டு போனான்.

"இதெல்லாம்?"

"அதெல்லாம் அப்பா."

அந்தச் சின்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, அப்பாவுக்கு அவ்வளவுதான் முடிஞ்சுதா? இல்ல, நான் பார்த்துட்டு வரணும்னு தெரிஞ்சே சின்னதாப் போட்டாங்களா? நீ பக்கத்துலதான இருந்த. மொகத்தப் பார்த்தா தெரிஞ்சிருக்குமே."

யோசித்தேன். பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை, நிஜமாகவே நினைத்துப் பார்த்தேன். அப்பா விரல் ஞாபகம் இருக்கிறது. நகத்தில் நான் வெட்டாமல் விட்ட ஓரம், எந்த எழுத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. முகம் வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. நான் அப்போதெல்லாம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தெரியல எட்வின்" என்றேன்.